பார்ட்னரா சேரச் சொல்றாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இந்த நாலு எபிசோடைப் பாருங்க



போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. "அக்கா, ஒரு பார்ட்னர்ஷிப் டீட் அனுப்பியிருக்கேன். திங்கட்கிழமை காலைல நல்ல நேரம், கையெழுத்துப் போடறோம். சும்மா ஒரு தடவை பார்த்துட்டு ஓகேன்னு சொல்லுங்க."

அனுப்பின தம்பிக்கு 28 வயசு. சொந்த ஊர் காரைக்கால், வேலை சென்னையில ஒரு ஐடி கம்பெனியில. காலேஜ் சீனியர் ஒருத்தர் ஊர்ப் பக்கம் கடலோரத்துல இறால் பண்ணை நடத்துறார். 8 லட்சம் போட்டா 25% பங்கு, மாசம் 2% கையில வரும்னு பேச்சு. தம்பிகிட்ட சேமிப்பு 5 லட்சம் இருக்கு. மீதி 3 லட்சத்துக்கு 14% வட்டியில பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. மூணு வருஷத்துக்கு மாசம் சுமார் ரூ.10,250 இஎம்ஐ.

நான் ஓகேன்னு சொல்லலை. "ரெண்டு வாரம் டைம் வாங்குப்பா"ன்னு மட்டும் சொன்னேன். அந்த ரெண்டு வாரத்துல என்ன நடந்ததுன்னு இந்தப் பதிவோட கடைசிக்குள்ள முழுசா சொல்லிடறேன்.

நாங்க செஞ்ச வேலைக்குப் பேர் டியூ டிலிஜென்ஸ். ஒரு வியாபாரத்துல பணம் போடறதுக்கு முன்னாடி, அவங்க சொன்னதெல்லாம் சரிதானான்னு நாமளே சரிபார்க்கிறது. பெரிய கம்பெனிகள் இதுக்கு வக்கீல், ஆடிட்டர்னு ஒரு படையையே அனுப்புவாங்க. சம்பளக்காரர்கள் நாம ஸ்கூட்டி வாங்க நாலு ஷோரூம் ஏறுவோம். ஃப்ரெண்டோட பிசினஸ்ல 8 லட்சம் போட ஒரு டீக்கடை பேச்சே போதும்னு நினைப்போம்.

இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்னு யோசிச்சப்போ, ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல ராத்திரி ராத்திரியா பார்த்த பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல்கள்தான் ஞாபகம் வந்தது. 1959-64ல ஓடின 'ட்விலைட் ஸோன்', 1966-69ல ஓடின முதல் 'ஸ்டார் ட்ரெக்'. இந்த எபிசோடுகளுக்கு சுமார் அறுபது வயசு. அதனால கதையைச் சொல்லிட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. நாலு எபிசோட், நாலு பாடம். நாலுக்கும் அடியில இருக்கிற விதி ஒண்ணுதான்: விக்கிறவர் கொடுத்த பதிலை, அவர் கையில இல்லாத ஒரு இடத்துல இருந்து சரிபார்க்கணும்.

## பாடம் 1: தலைப்பை மட்டும் படிச்சுட்டு கப்பல் ஏறாதீங்க

'ட்விலைட் ஸோன்' தொடர்ல 1962 மார்ச் 2ல வந்த எபிசோட் 'டு சர்வ் மேன்'. டேமன் நைட் எழுதின சிறுகதையை வெச்சு எடுத்தது. ஒன்பது அடி உயர வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வர்றாங்க. பசியைப் போக்கறோம், மின்சாரத்தைக் கொட்டிக் கொடுக்கறோம், போரை நிறுத்தறோம்னு சொல்றாங்க. சொன்னபடி செய்யவும் செய்றாங்க. ஐக்கிய நாடுகள் சபையில அவங்க பிரதிநிதியை உட்கார வெச்சு பொய் கண்டுபிடிக்கிற மெஷின்லயும் சோதிக்கறாங்க. பாஸ்!

அவங்க விட்டுட்டுப் போன புத்தகத்தோட தலைப்பை மட்டும் நம்ம ஆளுங்க மொழிபெயர்க்கிறாங்க. மனிதனுக்குச் சேவை செய்வதுன்னு அர்த்தம் வருது. எல்லாருக்கும் நிம்மதி. வரிசையில நின்னு அவங்க கிரகத்துக்குக் கப்பல் ஏறுறாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் உள்ளே இருக்கிற பக்கங்களை விடாம மொழிபெயர்த்துக்கிட்டே இருக்கா. ஹீரோ படிக்கட்டுல கால் வைக்கிற நேரத்துல ஓடி வந்து கத்துறா: அது சமையல் புத்தகம்! ஆங்கிலத்துல 'சர்வ்'னா சேவை செய்யறதுன்னும் அர்த்தம், தட்டுல பரிமாறுறதுன்னும் அர்த்தம்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தப் பிரதிநிதி பொய் சொல்லலை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கலை. அதுக்கான பதில் புத்தகத்துக்குள்ளதான் இருந்தது.

நம்ம நாட்டுல நடந்ததைப் பாருங்க. யெஸ் வங்கி வெளியிட்ட ஏடி-1 பாண்டுகளைப் பல தனிநபர்களுக்கு 'சூப்பர் எஃப்டி'ன்னு சொல்லி வித்தாங்க. வங்கி சிக்கல்ல மாட்டினா இந்த பாண்டோட மதிப்பைப் பூஜ்யமா எழுதித் தள்ளலாம்ங்கிற ஷரத்து ஆவணத்துல இருந்தது. 2020 மார்ச்ல ரூ.8,415 கோடி அப்படியே தள்ளுபடி ஆச்சு. தவறா வித்ததுக்காக 2021ல செபி அந்த வங்கிக்கு ரூ.25 கோடி அபராதம் போட்டது. தள்ளுபடி செல்லுமா செல்லாதான்னு வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்னு போச்சு. 'எஃப்டி'ங்கிறது வாயில சொன்ன தலைப்பு. உள்ளே இருந்தது வேற.

இப்போ தம்பியோட டீட். தலைப்பு 'முதலீட்டுப் பங்குதாரர்'. "நீ ஸ்லீப்பிங் பார்ட்னர்தான், ஒரு வேலையும் இல்ல, ஒரு ரிஸ்க்கும் இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க. உள்ளே படிச்சா:

- மாசம் 2%ங்கிற பேச்சே டீட்ல இல்லை. அது வாட்ஸ்அப்ல மட்டும்தான் இருந்தது.
- மூணு வருஷத்துக்கு வெளியே வர முடியாது. வந்தா பங்கை எப்படி மதிப்புப் போடுவாங்கன்னு ஒரு வரி கூட இல்லை.
- ஃபர்மோட பழைய கடன்களுக்கும் புதுப் பங்குதாரர் சேர்ந்தே பொறுப்புன்னு ஒரு ஷரத்து.

மூணாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது. 1932ம் வருஷத்து இந்தியப் பங்குதாரர் சட்டத்தோட 25வது பிரிவுப்படி, நீங்க பார்ட்னரா இருக்கிற காலத்துல ஃபர்ம் வாங்கற கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் தனியாவும் பொறுப்பு, சேர்ந்தும் பொறுப்பு. உங்க பங்கு 25% ஆனாலும், கடன்காரர் மொத்தக் கடனையும் உங்ககிட்டயே கேட்கலாம். தூங்கற பார்ட்னருக்கு இதுல சலுகை கிடையாது. பார்ட்னர்களிலேயே பிடிக்க வசதியானவர் யாரு? மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்றவர்தான்.

ஆனா அதே சட்டத்தோட 31வது பிரிவு, புதுசா சேர்றவரை அவர் சேர்றதுக்கு முந்தின கடன்ல இருந்து காப்பாத்துது. சட்டம் கொடுத்த அந்தப் பாதுகாப்பைத்தான் இந்த டீட் ஒரு வரியில எழுதி வாங்கப் பார்த்தது.

இன்னொண்ணும் இருக்கு. ஏமாந்தா டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கேன்னு பலர் நினைக்கிறாங்க. தமிழ்நாட்டுக்கு 1997ல வந்த சட்டம் தனி. காரைக்கால் நாலு பக்கமும் தமிழ்நாட்டையும் கடலையும் பார்த்துக்கிட்டு இருந்தாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். நமக்கு 2004ல வந்த தனிச் சட்டம். நாடு முழுக்கப் பொருந்துறது ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட்களைத் தடை செய்யற 2019 மத்தியச் சட்டம். அந்த மத்தியச் சட்டத்துல, ஒரு பார்ட்னர் தன் ஃபர்முக்குப் போடற மூலதனம் டெபாசிட் கணக்குல வராதுன்னு தெளிவா விலக்கு இருக்கு. அதாவது 'பார்ட்னர்'னு கையெழுத்துப் போட்ட நிமிஷம், உங்களைக் காப்பாத்தற குடைக்கு வெளியே நீங்களே நடந்து போயிடறீங்க.

## பாடம் 2: பெருக்கல் கணக்கைப் பார்த்து மயங்காதீங்க, கடைசியில வாங்கறவர் யாருன்னு கேளுங்க

1967 டிசம்பர் 29ல வந்த 'ஸ்டார் ட்ரெக்' எபிசோட் 'தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்'. டேவிட் ஜெரால்ட் எழுதினது. சைரனோ ஜோன்ஸ்னு ஒரு வியாபாரி, ட்ரிபிள்ங்கிற பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குட்டிப் பிராணியைக் கொண்டு வர்றான். கையில எடுத்தா பூனை மாதிரி குறுகுறுன்னு சத்தம் போடும். பார்த்தவங்க எல்லாம் மயங்கிடறாங்க. ஆனா தீனி போட்டா அது குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்.

தானியக் கிடங்கைத் திறந்தா கேப்டன் கிர்க் தலை மேல ட்ரிபிள் மழையா கொட்டுது. மொத்தம் 17,71,561ன்னு ஸ்பாக் கணக்குச் சொல்றார். ஒரு ட்ரிபிள், ஈத்துக்குப் பத்து குட்டி, 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூணு நாள். 11ஐ ஆறு தடவை பெருக்கிப் பாருங்க, சரியா வரும்!

எக்செல் ஷீட்ல இந்தக் கணக்கைப் பார்த்தா யாருக்கும் ஆசை வரும். ஆனா அந்த எபிசோட்ல இன்னொரு சின்னக் காட்சி இருக்கு. ஜோன்ஸ் மறுபடியும் மதுக்கடைக்கு வந்து ட்ரிபிளைக் கொடுத்துக் குடிக்கக் கேட்பான். கடைக்காரர் திரும்பிக் காட்டுவார். கடை முழுக்க ட்ரிபிள். உற்பத்தி பிரமாதம், வாங்கத்தான் ஆள் இல்லை.

இதே கதை நம்ம ஈரோடு மாவட்டம் பெருந்துறையில நடந்தது, ஈமு கோழியா. சுசி ஈமு ஃபார்ம்ஸ் திட்டம் அன்னிக்குச் செய்திகள்ல வந்தபடி இதுதான்: ரூ.1.5 லட்சம் கட்டினா 6 ஈமு குஞ்சு, தீவனம் கம்பெனியே தரும், வளர்க்கறதுக்கு மாசம் ரூ.6,000, வருஷத்துக்கு போனஸ் ரூ.20,000. கூட்டிப் பாருங்க. வருஷம் ரூ.92,000, அதாவது 61%க்கும் மேல. வளர்க்க இடம் இல்லாதவங்களுக்கு விஐபி திட்டம்: கம்பெனியே வளர்க்கும், உங்களுக்கு மாசம் ரூ.7,000, அதே போனஸ். வருஷம் ரூ.1,04,000.

ஒரு நிமிஷம் நில்லுங்க. தண்ணி வெச்சு, ராத்திரி காவல் இருந்து வளர்க்கறவருக்கு 6,000. வீட்டுல உட்கார்ந்திருக்கறவருக்கு 7,000. வேலை செய்யாதவருக்கு அதிகம் தர்ற வியாபாரம் உலகத்துல உண்டா? இந்த ஒரு கேள்வி போதும், ஆடிட்டரே வேண்டாம்.

ஈமு எண்ணெய், கறி, இறகுன்னு விளம்பரம் பண்ணினாங்க. நம்ம ஊர்ல எத்தனை கடையில ஈமு கறி தொங்கிச்சு? கடைசியா வாங்கற ஆள்னு ஒருத்தர் இல்லவே இல்லை. அடுத்து டெபாசிட் கட்ட வந்தவர் பணம்தான் முந்தினவருக்குப் போச்சு. 2012 ஆகஸ்ட்ல எல்லாம் சரிஞ்சது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டியதாச்சு.

இறால் ஈமு மாதிரி இல்லை. அதுக்கு உண்மையான சந்தை இருக்கு. ஆனா விலை நம்ம கையில இல்லை. இந்திய இறாலுக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட்ல அவங்க இந்தியப் பொருட்கள் மேல 50% வரி போட்டதும் நம்ம கடலோரப் பண்ணை வரைக்கும் கலக்கம் வந்தது. அதனால தம்பிக்கு வந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல சில எண்களை மாத்திப் பார்த்தோம். ஒரு ஏக்கர் குட்டை, ஒரு அறுவடை, ஒரு லட்சம் குஞ்சு விடறதா வெச்சுக்கோங்க:

அவங்க கணக்கு: 90% பிழைக்கும், கிலோவுக்கு 40 கவுண்ட். 2,250 கிலோ. கிலோ ரூ.350 வீதம் ரூ.7,87,500. செலவு 5 லட்சம். லாபம் ரூ.2,87,500.

நாங்க போட்ட கணக்கு: 65% பிழைக்கும், கொஞ்சம் சின்ன சைஸ், 50 கவுண்ட். 1,300 கிலோ. கிலோ ரூ.320 வீதம் ரூ.4,16,000. பாதியில சாகிற இறாலும் அதுவரைக்கும் தீவனம் தின்னுருக்கும், அதனால செலவு பெரிசா குறையாது, ரூ.4,50,000ன்னு வெச்சோம். நஷ்டம் ரூ.34,000.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தா இந்த ரெண்டாவது கணக்கே நல்ல கணக்குன்னு பண்ணைக்காரங்க சொல்வாங்க. யாரோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டா இருந்தாலும் சரி, ரெண்டு முக்கியமான எண்ணைக் கண்டுபிடிச்சு கால் பங்கு குறைச்சுப் பாருங்க. அப்பவும் இஎம்ஐ கட்ட முடியுமான்னு கேளுங்க. நஷ்டம் வந்த மாசமும் ரூ.10,250 போயே தீரும்.

## பாடம் 3: முகத்தைப் பார்த்து நம்பாதீங்க, கப்பலுக்குள்ள போய்ப் பாருங்க

1966 நவம்பர் 10ல வந்த 'தி கார்பமைட் மனூவர்'. கிர்க்கோட கப்பலை ஒரு ராட்சசக் கப்பல் மறிக்குது. திரையில பேலாக்னு ஒரு பயங்கர முகம், பத்து நிமிஷத்துல அழிச்சிடுவேன்னு மிரட்டுது. கிர்க்கும் சளைச்சவர் இல்லை. எங்க கப்பல்ல 'கார்பமைட்'னு ஒரு பொருள் இருக்கு, எங்களைத் தாக்கினா தாக்கினவரும் அழிவார்னு ஒரு புளுகு விடறார். எதிராளி ஆதாரம் கேட்கறான். தர முடியாதுங்கறார் கிர்க். அதுக்கப்புறமும் எதிராளி அழிக்காம இறங்கி வர்றான்!

கடைசியில கிர்க் எதிராளியோட கப்பலுக்குள்ள போய்ப் பார்த்தா, பயங்கர முகம் வெறும் பொம்மை. உள்ளே ஒரே ஒரு குட்டி உருவம். அந்த வேஷத்துல நடிச்சது ஒரு சின்னப் பையன்.

இந்த எபிசோடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்டா, சத்யம்தான் ஞாபகம் வரும். 2009 ஜனவரி 7ல அந்த கம்பெனி சேர்மன் ராமலிங்க ராஜு எழுதின கடிதத்துல, கணக்குப் புத்தகத்துல இருந்த ரூ.5,361 கோடி ரொக்கம், வங்கி இருப்புல ரூ.5,040 கோடி இல்லவே இல்லைன்னு ஒப்புக்கிட்டார். அதுதான் கார்பமைட்! இவ்வளவு பெரிய தொகையை ஆடிட்ல ஏன் பிடிக்கலை? வங்கிக்குக் கடிதம் அனுப்பறதையும் வங்கியோட பதிலை வாங்கறதையும் ஆடிட்டர்கள் அந்த கம்பெனி நிர்வாகத்துக்கிட்டயே விட்டுட்டாங்கன்னு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011ல சொன்னது. கேள்வி கேட்டாங்க, பதிலும் வந்தது. ஆனா பதில், சோதிக்கப்பட வேண்டியவரோட கை வழியா வந்தது.

தம்பிக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் வாட்ஸ்அப்ல வந்திருந்தது. அழகா இருந்தது. பிடிஎஃப் யாரு வேணா எடிட் பண்ணலாம். அதனால நாங்க கேட்டது:

- நேருல உட்கார்ந்து நெட்பேங்கிங் திறந்து காட்டுங்க.
- ஃபர்மோட கடைசி மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன் காட்டுங்க. பார்ட்னர்ஷிப் ஃபர்ம்னா லாபமோ நஷ்டமோ ரிட்டர்ன் போட்டே ஆகணும்.
- இறால் வாங்கின ஏஜென்ட் கொடுத்த எடைச் சீட்டு காட்டுங்க. குட்டையில பிடிச்ச புது இறாலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல விற்பனை தெரியாது. எடைச் சீட்டும் வங்கி வரவும் ஒத்துப் போகணும்.

வேற பிசினஸா இருந்தா ஜிஎஸ்டி எண்ணை அரசு போர்ட்டல்ல போட்டு, ரிட்டர்ன் ஒழுங்கா போடறாங்களான்னு நீங்களே பார்க்கலாம். கம்பெனியா இருந்தா கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல டைரக்டர் யாரு, எந்த வங்கிக்குச் சொத்தை அடமானம் வெச்சிருக்காங்கன்னு தெரியும். இதுக்கெல்லாம் விக்கிறவர் அனுமதி தேவையில்லை. அதுதான் இதோட அழகு.

அப்புறம் கப்பலுக்குள்ள போனோம். ஞாயித்துக்கிழமை வாங்க, சாப்பாடு ஏற்பாடு பண்றேன்னார் சீனியர். தம்பி லீவு போட்டுட்டு புதன்கிழமை காலையில போனான். நாலு குட்டைன்னு டீட் சொல்லுது; ரெண்டுல தண்ணியே இல்லை. நிலம் குத்தகை, 14 மாசத்துல முடியுது, புதுப்பிக்க எழுத்துல எதுவும் இல்லை. மின் இணைப்பு மச்சான் பேர்ல. கடலோர இறால் பண்ணைன்னா 2005ம் வருஷத்துச் சட்டப்படி கோஸ்டல் அக்வாகல்ச்சர் அத்தாரிட்டியில பதிவு வேணும். சர்டிஃபிகேட் இருந்தது, ஆனா பழைய குத்தகைதாரர் பேர்ல.

## பாடம் 4: குத்தம் சொல்லப்பட்டவர் பக்கத்தையும் கேளுங்க

கடைசி எபிசோட் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1967 மார்ச் 9ல வந்த 'தி டெவில் இன் தி டார்க்'. ஒரு சுரங்கக் கிரகத்துல ஹோர்ட்டாங்கிற பூதம் ஐம்பது பேருக்கு மேல கொன்னுடுச்சு, உற்பத்தி நின்னுபோச்சு, கொன்னு தாங்கன்னு கிர்க்கைக் கூப்பிடறாங்க. சுரங்க மேனேஜர் மேஜை மேல உருண்டையா ஒரு கல்லு. இதெல்லாம் ஆயிரக்கணக்குல கிடக்குது, ஒண்ணுக்கும் உதவாதுங்கறார். ஸ்பாக் மட்டும் அதைக் கையில எடுத்துப் பார்க்கறார்.

கடைசியில அந்தப் பூதத்தோட மனசை ஸ்பாக் படிக்கறார். அந்தக் கல்லெல்லாம் அதோட முட்டை. தொழிலாளிங்க தெரியாம உடைச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. அது தன் குஞ்சுகளைக் காப்பாத்தப் பார்த்த தாய். உண்மை தெரிஞ்சதும் ஒப்பந்தம் போடறாங்க: குஞ்சுகள் பாறையைக் குடையும், இவங்க தாதுவை எடுத்துக்குவாங்க. சுரங்கம் முன்னைவிட லாபத்துல ஓடும்.

இதுல ரெண்டு பாடம். ஒண்ணு, ஆதாரம் பல நேரம் மேஜை மேலயே கிடக்கும். யாரும் கையில எடுத்துப் பார்க்க மாட்டாங்க. ரெண்டு, முதலாளியை மட்டும் கேட்டா முதலாளி கதைதான் கிடைக்கும். காவலாளி, சப்ளையர், பக்கத்துக் குட்டைக்காரர், வேலையை விட்டுப் போனவர் இவங்ககிட்டயும் பேசணும்.

தம்பி பண்ணைக் காவல்காரரோட உட்கார்ந்து டீ குடிச்சான். "போன போகத்துல வெள்ளைப்புள்ளி வந்து அவசர அவசரமா பிடிச்சாங்க தம்பி"ன்னு அவர் சாதாரணமாச் சொன்னார். இறால் தீவனம் பெரும்பாலும் கடனுக்குத்தான் வாங்குவாங்க, அறுவடையில கழிச்சுக்குவாங்க. அந்தத் தீவன டீலர்கிட்ட விசாரிச்சா, பாக்கி 11 லட்சம்.

இப்போ அந்த டீட்ல இருந்த பழைய கடன் ஷரத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. தம்பி போட இருந்தது 8 லட்சம். திங்கட்கிழமை நல்ல நேரத்துல அவன் தலையில ஏற இருந்தது அதுக்கும் மேல இன்னொரு 11 லட்சம்.

"மோசம் பண்ணப் பார்த்தான் அக்கா"ன்னு தம்பி கொதிச்சான். நேர்ல போய்ப் பேசுன்னேன். பேசினான். சீனியர் ரொம்ப நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாராம். ஒரு போகம் நோய்ல போச்சு, அடுத்ததுல எடுத்துடலாம்னு நினைச்சேன், வெட்கமா இருந்துச்சு, சொல்லலைன்னாராம். டீட் எழுதினது வேற யாரோ. அந்த ஷரத்து என்னன்னே அவருக்குச் சரியாத் தெரியலை. ஏமாத்தணும்னு வந்தவர் இல்லை, மூழ்கறப்போ பக்கத்துல இருந்தவனைப் பிடிச்சவர். ஆனா ஒண்ணு சொல்றேன்: நல்லவர் பிடிச்சாலும் கூட மூழ்கத்தான் வேணும். உங்க 8 லட்சத்துக்கு அவர் குணம் செக்யூரிட்டி ஆகாது.

பேசி முடிச்சது இதுதான். பழைய கடன் அவரோடது மட்டும். குத்தகை எழுத்துல புதுப்பிக்கப்படணும், சர்டிஃபிகேட் சரியான பேருக்கு வரணும். அதுக்கப்புறம் புதுசா ஒரு எல்எல்பி தொடங்கலாம். 2008ம் வருஷத்து எல்எல்பி சட்டப்படி, பார்ட்னர்ங்கிற ஒரே காரணத்துக்காக தொழிலோட கடன் அவரைத் தனிப்பட்ட முறையில பிடிக்காது. அப்பவும் தம்பி போடறது 2 லட்சம் மட்டும், கடன் வாங்காம.

நிலத்துக்காரர் இன்னும் குத்தகையைப் புதுப்பிக்கலை. அதனால பணம் போடலை. பர்சனல் லோன் வாங்கலை. 5 லட்சம் அப்படியே இருக்கு. ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கறாங்க. சீனியர் தன் கணக்கை இப்போ மாசாமாசம் எழுத ஆரம்பிச்சிருக்கார், அதை தம்பிதான் எக்செல்ல போட்டுத் தர்றான்.

## கையெழுத்துக்கு முன்னாடி செக்லிஸ்ட்

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

1. டீட் முழுசா படிச்சாச்சா? வாயில சொன்ன ஒவ்வொரு வாக்குறுதியும் அதுல எழுத்துல இருக்கா?
2. பழைய கடன், புதுக் கடன், பேங்க் கியாரண்டி இதுக்கெல்லாம் யார் பொறுப்பு? பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா, கம்பெனியா?
3. வெளியே வர்ற வழி என்ன? பங்கை எப்படி மதிப்புப் போடுவாங்க? பார்ட்னர்ஷிப்ல இருந்து விலகினா பப்ளிக் நோட்டீஸ் கொடுக்கற வரைக்கும் வெளியாளுக்கு உங்க பொறுப்பு தொடரலாம்.
4. ஃபர்ம் பதிவு ஆகியிருக்கா? பதிவு ஆகாத ஃபர்ம்ல, ஒப்பந்தப்படி உரிமையைக் கேட்டு ஒரு பார்ட்னர் ஃபர்ம் மேல வழக்குப் போட 69வது பிரிவு தடையா நிக்கும்.
5. கடைசியா காசு கொடுத்து வாங்கற வாடிக்கையாளர் யாரு? அவர்ல ஒருத்தரோட நீங்க பேசினீங்களா?
6. ரெண்டு முக்கிய எண்ணைக் கால் பங்கு குறைச்சா கணக்கு நிக்குதா?
7. வங்கி இருப்பு, ரிட்டர்ன், லைசென்ஸ், குத்தகை இதையெல்லாம் விக்கிறவர் கை படாத இடத்துல சரிபார்த்தாச்சா?
8. சொல்லாத நாள்ல ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்தாச்சா?
9. முதலாளி இல்லாத இன்னும் மூணு பேர்கிட்ட பேசியாச்சா?
10. மொத்தப் பணமும் போனாலும் உங்க இஎம்ஐ, வாடகை, அம்மா அப்பா மருந்துச் செலவு நிக்காம ஓடுமா?

பத்தாவதுக்குப் பதில் 'இல்லை'ன்னா, மேல இருக்கிற ஒன்பதும் சரியா இருந்தாலும் தொகையைக் குறைங்க.

"இதெல்லாம் கேட்டா ஃப்ரெண்ட்ஷிப் கெட்டுடுமே"ன்னு தயங்கறவங்க அந்த தம்பியையும் சீனியரையும் நினைச்சுக்கோங்க. கேட்டதால கெடலை. கேட்காம கையெழுத்துப் போட்டிருந்தா, தீவன டீலரோட வக்கீல் நோட்டீஸ் சென்னையில இருக்கிற ஆபீஸ் வாசலுக்கு வந்த அன்னிக்குக் கெட்டிருக்கும்.

நல்ல நேரம் அடுத்த வாரமும் வரும். ரெண்டு வாரம் டைம் கேளுங்க. கொடுக்க மாட்டேன்னு சொன்னா, அதுவே உங்களுக்குத் தேவையான பதில்.